சாமித்தட்டில் இருக்கும் எலும்புக் குளிசையை அம்மா எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. நாலு மாதத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கிளினிக்கில் எலும்பு பலவீனத்துக்கு அலென்ட்ரோனேட் குளிசை 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்று என்று தந்தார்கள். அது தாடை எலும்பை அழுகப்பண்ணும் என்று அயலில் ஒரு அக்கா சொன்னதிலிருந்து அம்மா அதைத் தொடுவதில்லை, சாமித்தட்டில் வைத்துவிட்டு “இந்த வயசில எனக்கேன்” என்கிறா. கனடாவில் இருக்கும் அண்ணா, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கு, காசு அனுப்புறன் என்கிறார். அம்மாவுக்குச் சுகரும் காஸ்ரிக்கும் இருக்கு. வெற்றிலை போடுவா. இப்ப கொஞ்சம் கூனி, சோட்டி நிலத்தில் அரைகிறது.
— மகள், முள்ளியவளை

பதில்: பிள்ளை, கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தச் சோட்டிதான் எனக்கு மணிக்கட்டை விடப் பெரிதாகப் படுகிறது. சோட்டி நீளவில்லை, அம்மாதான் கட்டையாகிவிட்டா. முள்ளந்தண்டு எலும்பு ஒன்றிரண்டு நசிந்திருக்கலாம். பலருக்கு இது பெரிய நோவே இல்லாமல் நடக்கும், நாங்களும் வயசு என்று விட்டுவிடுவோம். முதுகுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேளுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுக்க வசதியிருந்தால் நல்லது, ஆனால் தூரம் போகவேண்டும் என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். முதுகில் முறிவு தெரிந்தால் ஸ்கான் இல்லாமலே மருந்து தொடங்கலாம்.

“இந்த வயசில ஏன்” என்றால், இந்த வயதில்தான். இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவில் ஒரு வருடத்துக்குள் போய்விடுகிறார்கள், மிஞ்சுகிறவர்களில் பலர் பழையபடி தனியாக நடப்பதில்லை. ஏற்கெனவே முதுகெலும்பு நசிந்த பெண்களுக்கு இந்தக் குளிசை அடுத்த முறிவுகளை ஏறக்குறையப் பாதியாக்கும். இதை அம்மாவிடம் இப்படியே சொல்லுங்கள், வெருட்ட வேண்டாம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து போக விருப்பமா என்று கேட்டால் அவ தானாகக் கணக்குப் போடுவா.

தாடை விஷயம் முழுப்பொய் இல்லை. ஆனால் அது கூடுதலாகப் புற்றுநோய்க்குப் பெரிய அளவில் ஏற்றப்படும் ஊசிகளோடு வருவது. எலும்புக்காக எடுக்கும் அளவில், பத்தாயிரம் பேர் ஒரு வருடம் எடுத்தால் ஒருவருக்கு வருவதே அரிது. இருந்தாலும் வெற்றிலை போடுகிற வாய் என்கிறீர்கள், ஆடுகிற பல், சீழ் வைத்த பல் இருந்தால் முதலில் பல் வைத்தியரிடம் காட்டிப் பிடுங்கி, ஆறிய பிறகு தொடங்கலாம்.

நான் அதிகம் யோசிப்பது சிறுநீரகத்தைப் பற்றி. சுகர் உள்ளவருக்கு அது பழுதாகலாம், போதாததற்கு வவுனியா, பதவியாப் பக்கமெல்லாம் காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தமும் இருக்கிறது. கிளினிக் கொப்பியில் அண்மைய கிரியேட்டினின் அளவு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) இல்லையென்றால் தொடங்க முன் செய்விக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (eGFR) 35க்குக் கீழே என்றால் இந்தக் குளிசை சரிவராது. கல்சியம் குறைவாக இருந்தாலும், சாப்பாடு தொண்டைக்குக் கீழே சிக்குகிறது என்றாலும் அப்படித்தான். காஸ்ரிக் என்று எழுதியிருக்கிறீர்கள், அது வெறும் எரிவா, விழுங்கக் கஷ்டமா என்று டொக்டரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

எடுக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலை எழும்பியவுடன் வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு, கடிக்காமல் சூப்பாமல் விழுங்க வேண்டும். தேத்தண்ணி கூடாது, பால் கூடவே கூடாது. உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதென்றால் கல்சியம் நீக்கிச் சுத்திகரித்த (RO) தண்ணீர் வாங்கிக் கொடுங்கள், கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் கல்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்துக்காக வெற்றிலையும் இல்லை. சுண்ணாம்பு வேறென்ன, கல்சியம்தானே! பிறகு அரை மணித்தியாலம் படுக்காமல், குனியாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து மேலே எதுக்களித்து உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வெள்ளிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். குளிசையைப் போட்டுவிட்டுப் பூப்பிடுங்கி, சாமிக்கு வைத்து, விளக்கேற்ற அரை மணித்தியாலம் போய்விடும். காஸ்ரிக், சுகர் குளிசைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான், கல்சியம் குளிசையும் தந்திருந்தால் அது மத்தியானம்.

அண்ணாவின் ஊசி நல்ல ஊசிதான், டெனோசுமாப் என்பது. ஆனால் தொடங்கினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகில் இரண்டு மூன்று இடத்தில் முறியக்கூடும். காசு வரப் பிந்தும், பார்மசியில் சாமான் இல்லை என்பார்கள், வெள்ளம் வந்தால் ரோட்டும் இல்லை. குளிசை அப்படியில்லை, எலும்பிலேயே தங்கும், ஒரு கிழமை மறந்தால் ஞாபகம் வந்ததற்கு அடுத்த நாள் காலை எடுக்கலாம். அநேகமாக ஐந்து வருடத்தில் நிறுத்தலாமா என்று திரும்பப் பார்ப்பார்கள். இடையில் தொடையில், கவட்டில் புது நோவு வந்தால் உடனே காட்டுங்கள். விழுங்கவே முடியாதென்றால் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தும் உண்டு, அதற்கும் சிறுநீரகம் பார்க்க வேண்டும்.

நெத்தலிக் கருவாடு, குரக்கன், முருங்கை இலை எல்லாம் கொடுங்கள், ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல. அப்புறம், அந்தக் கிணற்றடிப் பாசியை யாரும் உரஞ்சினீர்களா? கேள்வியில் அதைக் காணவில்லை.