காத்து நிற்பவர்

அன்புள்ள சார்,

வணக்கம். எடை குறைத்தது பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துத்தான் நடக்க ஆரம்பித்தேன். வயது 43. இரண்டு வருடத்தில் 104 கிலோவிலிருந்து 73-க்கு வந்திருக்கிறேன். நடை மெல்ல ஓட்டமாகி, இப்போது 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன். 80 நிமிடம் ஆகிறது.

அலுவலகத்தில் 12 பேர் சேர்ந்து 300 கிலோமீட்டர் தொடர் ஓட்டத்துக்குப் போகிறார்கள். பகல், இரவு, மறுநாள் என்று ஆளுக்கு மூன்று முறை ஓட வேண்டும். ஒருவர் விலகிவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். யோசிப்பதற்குள் வாய் சரி என்றுவிட்டது. அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. மற்ற 11 பேரும் கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் ஓடுகிறவர்கள். என்னால் எல்லாருக்கும் தாமதம். பள்ளியில் அணி பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நின்ற பெண் நான். 31 கிலோ போயும் அவள் போகவில்லை.

இன்னொன்று. ஓடும் நாளில் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். அதைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. விலகிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விலக வேண்டாம். முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், உங்களுக்கும் எனக்கும் எண்கள் என்றால் கொஞ்சம் நிம்மதி.

300 கிலோமீட்டரை 12 பேர் பிரித்தால் ஆளுக்கு 25. நீங்கள் மற்றவர்களைவிடக் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் அதிகம் எடுக்கிறீர்கள். மொத்தம் 50 நிமிடம். எல்லாரும் 6 நிமிட வேகத்தில் ஓடினால் அணிக்கு 30 மணி நேரம் ஆகும். உங்களோடு 30 மணி 50 நிமிடம். கைமாற்றும் இடத்துக்கு வேன் வழி தெரியாமல் சுற்றி வருவதிலும், அடுத்து ஓட வேண்டியவர் கழிப்பறை வரிசையில் நிற்பதிலும் இந்த 50 நிமிடம் தானாகவே போகும். நான் ஓடிய எந்த அணியிலும் போகாமல் இருந்ததில்லை.

இந்த வகை ஓட்டங்களில் பேர்போனது அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் நடக்கும் ஹூட் டு கோஸ்ட். 1982-ல் 8 அணிகளோடு தொடங்கியது. இப்போது ஆயிரத்துக்கும் மேல். மவுண்ட் ஹூட் மலையிலிருந்து பசிபிக் கரை வரை சுமார் 320 கிலோமீட்டர். 12 பேர், இரண்டு வேன், ஆளுக்கு மூன்றாக மொத்தம் 36 பங்கு. அங்கே எல்லா அணியும் ஒரே நேரத்தில் புறப்படுவதில்லை. நீங்கள் எழுதிக்கொடுக்கும் வேகத்தைப் பார்த்துப் புறப்படும் நேரத்தைத் தருகிறார்கள். மெதுவான அணிகள் விடியற்காலையிலேயே கிளம்பும், வேகமானவை மதியத்துக்கு மேல். அப்போதுதான் பாதையில் கூட்டம் சேராமல், கடைசியில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர முடியும். இந்த மாதிரி ஏற்பாடு உள்ள ஓட்டத்தில் உங்களைப் பலர் முந்திக்கொண்டு போவார்கள். சிலர் முந்திய ஆட்களை எண்ணி வேன் கண்ணாடியில் கோடு போடுவதும் உண்டு. போடட்டும்.

ஆனால் இந்த ஏற்பாடு முழுக்க ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: எழுதிக்கொடுத்த வேகம் உண்மையாக இருக்க வேண்டும். நான் சொதப்பியது அங்கேதான்.

29 கிலோ குறைத்து ஒரு வருடம் ஆகியிருந்த சமயம். படிவத்தில் வேகம் என்ற கட்டம் வந்தது. அப்போது நான் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 விநாடியில் ஓடுகிறவன். 6 என்று எழுதினேன். அணியில் எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், என் பெயருக்கு நேரே மட்டும் வேறு எண் இருக்கக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். என் இரவுப் பங்கு 10 கிலோமீட்டர். அட்டவணைப்படி நான் 2.10-க்கு வந்து சேர வேண்டும். வந்தது 2.25-க்கு. என்னிடமிருந்து பட்டையை (கோலுக்குப் பதிலாகக் கைமாற்றுவது) வாங்க வேண்டிய பெண், அட்டவணையை நம்பி, 2.05-க்கே மேல்கோட்டைக் கழற்றி வேனில் கொடுத்துவிட்டு மெல்லிய பனியனோடு கைமாற்றும் கோட்டருகே வந்து நின்றிருக்கிறார். இருபது நிமிடம். வேனுக்குத் திரும்பலாமா என்றால், அடுத்த வளைவில் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் நானாக இருக்குமோ என்று நின்றுவிட்டாராம். திட்டவில்லை. பட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். கைமாற்றும்போது தொட்ட அந்த விரல்களின் சில்லிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மெதுவாக ஓடியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த 6-ஆல்தான் ஒரு பெண் குளிரில் நின்றார். ஆகவே 8 என்று எழுதுங்கள். மூன்றாவது பங்குக்கு 8 நிமிடம் 30 விநாடி என்றே எழுதுங்கள், தூக்கமில்லாத கால்கள் யாருக்கும் முதல்நாள் மாதிரி ஓடாது. உங்கள் வேகம் தெரிந்துதான் கூப்பிட்டார்களா? தெரியாது என்றால் நாளைக்கே சொல்லிவிடுங்கள். பங்குகள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. சில 5 கிலோமீட்டர், சில 12, சிலவற்றில் ஏற்றம். யாருக்கு எது என்று பிரிப்பதுதான் அணித்தலைவரின் வேலை, உண்மை எண் இல்லாமல் அவரால் பிரிக்க முடியாது.

ஜப்பானில் எகிடென் என்று ஒன்று உண்டு. முதல் எகிடென் 1917-ல் கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை மூன்று நாள் ஓடியது. 1920 முதல் நடக்கும் ஹகோனே எகிடென் பல்கலைக்கழக அணிகளுக்கானது. பத்துப் பேர், இரண்டு நாள், 217 கிலோமீட்டர். கோலுக்குப் பதில் தோளில் குறுக்காக அணியும் துணிப்பட்டையைக் கைமாற்றுகிறார்கள். முதலில் போகும் அணியைவிடக் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மேல் பின்தங்கினால், அடுத்த ஆளை வேறொரு பட்டையோடு அனுப்பிவிடுவார்கள். தள்ளாடி வந்து சேர்கிறவர் கையில் பட்டை இருக்கும், வாங்க ஆள் இருக்காது. அந்தக் காட்சியை வீடியோவில் பார்த்திருக்கிறேன், இரண்டாம் முறை பார்க்க மனம் வரவில்லை. உங்களுடையது அலுவலக அணி. போட்டிக்கு மொத்த நேர வரம்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உடம்பு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரையின் எதிர்விசை உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இரண்டு என்றே வைத்தாலும் உங்கள் கால் இப்போது அடிக்கு 62 கிலோ குறைவாகத் தாங்குகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழகப் பல மாதம் வேண்டும். மூச்சு தரும் அனுமதியை நம்பி ஓடினால் கணுக்கால் பழிவாங்கும். ஒரே மூச்சில் 25 ஓடிப் பழக வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சாயங்காலம் 5 கிலோமீட்டர், மறுநாள் காலை 5 கிலோமீட்டர், அன்று சாயங்காலம் 4 கிலோமீட்டர் என்று ஓடிப் பாருங்கள். விறைத்த காலோடு மறுபடி கிளம்பத்தான் பயிற்சி. போட்டிக்கு ஒரு மாதம்கூட இல்லை என்றால் சின்னப் பங்குகளாகக் கேட்டு வாங்குங்கள். பிரஷர் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். எடை குறைந்த பிறகு பழைய அளவு அதிகமாகிவிடக்கூடும்.

யாரும் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன். நம்மைப் போல நிறைய இளைத்தவர்களுக்குத் தோல் தளர்ந்து மடிந்திருக்கும். அரை மணி நேரத்தில் அது உரசிப் புண்ணாகும். வாசலின் தாராளமாகத் தடவுங்கள், இறுக்கமான உள்ளாடை மூன்று செட் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்ததும் ஈர உடையை உடனே மாற்றிவிடுங்கள். முன்பு கொழுப்பே போர்வையாக இருந்தது. இப்போது குளிர் சீக்கிரம் ஏறும்.

சாப்பாடு. ஒரு கிலோமீட்டர் ஓட, உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கலோரி. 73 × 25, சுமார் 1,800. அன்றாடத் தேவை அதற்கு மேல் தனி. இதைக் கொடுக்காமல் மூன்றாவது பங்கை ஓட முடியாது. நடக்கலாம். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஓடிக் களைத்த தசைகளும் நீர் கோத்து வீங்கும். அதனால் அடுத்த சில நாள் எடை மிஷின் கூடுதலாகவே காட்டும். நான் மறுநாள் காலையே ஏறி நின்றேன். 2 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. பயத்தில் ஒன்றரை நாள் பட்டினி கிடந்து மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்தேன். ஐந்தாவது நாள் அந்த 2 கிலோ, வந்தது போலவே போயிருந்தது. நீங்கள் ஒரு வாரம் அந்த மிஷின் பக்கமே போகாதீர்கள். முடிந்தால் யாரிடமாவது கொடுத்துவைத்துவிடுங்கள்.

பள்ளியில் நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி என்னிடம் பதில் இல்லை. என் ஆளும் இன்னும் போகவில்லை. குறுகலான வாசல்களில் இப்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறேன்.

அடுத்த வருடமும் அதே அணியோடு போனேன். 7.30 என்று எழுதினேன். இரவுப் பங்கு அதே 10 கிலோமீட்டர், பட்டையை வாங்க வேண்டியவரும் அதே பெண். ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் மூன்றடிச் சாலை மட்டும் தெரிந்தது, என் செருமல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வேகம் பார்க்கவே இல்லை. 7.10-ல் ஓடியிருக்கிறேன். மூன்று நிமிடத்துக்கும் மேலாக முன்னதாகவே கோட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் இல்லை. பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். வரிசையில் ஏழாவது வேனின் கதவு திறந்தது. ஒரு காலில் ஷூ, மறு ஷூ கையில், அவர் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். சிரிப்பில் லேஸ் கட்ட முடியாமல் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து கட்டினோம்.