பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி: கடலூர், புதுச்சேரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

திருப்பாதிரிப்புலியூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2012-இல் வாங்கிய கம்ப்யூட்டர்: ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. வேர்டு திறப்பதற்குள் வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (தகவலைச் சிப்பில் வைக்கும் டிஸ்க்) போட்டால் போதுமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்க, சிபியு முப்பதைத் தாண்டவில்லை என்றால் எஸ்எஸ்டி போடுங்கள், புதிது வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் வரும்வரை, தட்டைப் படிக்கும் ஹெட் நகர்ந்து காத்திருக்க ஒவ்வொரு முறையும் 10 மில்லி செகண்டுக்கு மேல் போகிறது. விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை அங்கங்கே தேடி எடுக்க வேண்டும். உங்கள் நேரத்தைத் தின்பது இதுதான். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. அதே தேடல் 0.1 மில்லி செகண்டில் முடிந்துவிடும்.

அந்த வருடத்து மதர்போர்டுகள் பல ஹெச்61 சிப்செட். அதில் டிஸ்க்கை இணைக்க பழைய சாட்டா-2 மட்டும்தான், நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. எஸ்எஸ்டி பெட்டியில் 550 என்று அச்சிட்டிருப்பது உங்களுக்குக் கிடைக்காது. பரவாயில்லை, தேடும் நேரம் குறைவதால்தான் வித்தியாசம் தெரியும்; அது சாட்டா-2-விலும் முழுசாகக் கிடைக்கும். கடையில் '2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி' என்றே கேளுங்கள். என்விஎம்இ வேகம் என்று சொல்லி எம்.2 வகையைத் தந்தால் வாங்காதீர்கள். உங்கள் போர்டில் அதைச் செருக இடமே இருக்காது.

சி டிரைவில் 90, 100 ஜிபிதான் இருக்கிறது என்றால் 240 ஜிபி தாராளம். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் டி டிரைவாக அப்படியே இருக்கட்டும். எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். பல 240 ஜிபி மாடல்களுக்கு கம்பெனி சொல்லும் எழுதும் அளவு 80 டிபி, அதாவது 80,000 ஜிபி. தினம் 20 ஜிபி எழுதினாலும் பத்து வருடத்துக்கு மேல் வரும். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ரேமை 8 ஜிபி ஆக்குங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இந்த பிராசஸரை அதிகாரப்பூர்வமாக ஏற்காது. வாடிக்கையாளரின் ஆதார், பேங்க் விவரம் கையாளும் கடை என்பதால் அந்த வேலைக்கு, விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ட் போட்டுப் பழகுங்கள். எஸ்எஸ்டியில் அதுவும் நன்றாக ஓடும்.

விண்டோஸைப் புதிதாகப் போடுவதா, இருப்பதை அப்படியே குளோன் செய்வதா (நகலெடுப்பதா)? — முத்தியால்பேட்டை, புதுச்சேரி

முதலில் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைக் கவனியுங்கள். மூன்றிலும் பூஜ்யம் இருந்தால் நல்லது. சி5-இல் எண் ஏறியிருந்தால் டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள் (சின்னப் பகுதிகள்) காத்திருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் குளோன் செய்தால் பாதியில் நின்றுவிடலாம். அதற்குள் தேய்ந்த டிஸ்க் இன்னும் அடிவாங்கும். வேண்டிய ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, புதிதாகவே போடுங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தால் குளோன் செய்யலாம். சி டிரைவில் இருக்கும் அளவு எஸ்எஸ்டியில் கொள்ளுமா என்று பாருங்கள். குளோனசில்லா என்ற இலவச குளோன் மென்பொருள் பெரிய டிஸ்க்கிலிருந்து சின்னதுக்கு நேரடியாக மாற்றித் தராது. பார்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) முன்பே சுருக்கினாலும் அதில் கூடுதல் வேலை உண்டு. எஸ்எஸ்டி கம்பெனியே தரும் மென்பொருள் இருந்தால் அது சுலபம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி-சாட்டா கேபிளில் எஸ்எஸ்டியை மாட்டி, சி டிரைவை மட்டும் அல்லாமல் அதற்கு முன்னால் இருக்கும் சின்ன 'சிஸ்டம் ரிசர்வ்ட்' பார்டிஷனையும் சேர்த்து எடுங்கள். அது விடுபட்டால் பூட் ஆகாது.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். குளோன் முடிந்ததும் ஷட்டவுன் செய்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, அதே போர்ட்டில் எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி முதல் பூட் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண். விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவிடும், அல்லது பழையதிலிருந்தே கிளம்பிவிடும். 'எஸ்எஸ்டி போட்டும் வேகமே இல்லை' என்று புலம்ப வேண்டியதுதான். எஸ்எஸ்டி தனியாகச் சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதை மாட்டி, அதில் இருக்கும் பழைய விண்டோஸை அழித்துவிடுங்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள் தமிழ் எழுத்துருக்களை மறந்துவிடுவார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பத்திரங்கள் இருந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை பென் டிரைவில் எடுங்கள். அது இல்லாமல் அந்த ஃபைல்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். டேலி வைத்திருந்தால் டேட்டா ஃபோல்டரையும் எடுங்கள். விண்டோஸ் லைசென்ஸ் போய்விடாது. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் நெட் இணைத்ததும் வந்துவிடும்.

எஸ்எஸ்டி போட்டு நன்றாக ஓடியது. இப்போது இரவில் பிளக்கை அணைத்துவிட்டு காலையில் போட்டால் நீலத்திரை, 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்' என்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா? — மஞ்சக்குப்பம்

எஸ்எஸ்டியைக் கழற்றுவதற்கு முன் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள்) போய் தேதியைப் பாருங்கள். பழைய வருடத்தைக் காட்டினால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் முழுவதும் நின்றதும் பயாஸ் தன் ஆரம்ப அமைப்புக்குப் போய்விடுகிறது. பல பழைய போர்டுகளில் அது ஐடிஇ மோடு, அதாவது டிஸ்க்கோடு பேசும் பழைய முறை. உங்கள் விண்டோஸ் புதிய முறையான ஏஹெச்சிஐ மோடில் போடப்பட்டிருந்தால் டிஸ்க்கையே கண்டுபிடிக்காது.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, பேட்டரியை மாற்றுங்கள். பிளஸ் பக்கம் மேலே. பிறகு பயாஸில் சாட்டா மோடை ஏஹெச்சிஐ என்றும், முதல் பூட் எஸ்எஸ்டி என்றும் வைத்து சேவ் செய்யுங்கள். கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் நடக்கும்: உப்புக்காற்றில் ரேமின் தங்கக் கோடுகளும் பேட்டரி பிடிப்பும் மங்கி, புது பேட்டரி போட்டும் சரியாகத் தொடாது. பிடிப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

விண்டோஸே ஐடிஇ மோடில் போடப்பட்டது என்றால் நேராக மோடை மாற்றாதீர்கள், அப்போதும் இதே நீலத்திரைதான். முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் சேஃப் பூட் டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸில் ஏஹெச்சிஐ ஆக்கி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய் வந்த பிறகு டிக்கை எடுங்கள்.

லேப்டாப்பில் டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அங்கே எஸ்எஸ்டி போடலாமா? — நெல்லிக்குப்பம், மாணவி

எஸ்எஸ்டியை ஹார்டு டிஸ்க் இருக்கும் இடத்தில் போடு. ஹார்டு டிஸ்க்கை கேடியில் (டிவிடி டிரைவ் அளவிலான சட்டத்தில்) வைத்து டிவிடி இடத்துக்கு மாற்று. டிவிடி போர்ட் பல மாடல்களில் வேகம் குறைந்தது. கேடி 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும், அளந்துவிட்டு வாங்கு. எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்; பழைய 9.5 இடத்தில் ஆடினால் கூட வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டு.

எஸ்எஸ்டியை டீஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது) செய்ய வேண்டுமா? பழையதைப் போல கல்யாண போட்டோக்களை அதிலேயே போட்டு பீரோவில் வைக்கலாமா? — லாஸ்பேட்டை

டீஃப்ராக் வேண்டாம். விண்டோஸ் தானாகவே 'ஆப்டிமைஸ்' என்ற பெயரில் டிரிம் (அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) செய்துவிடும். அந்தத் திரையில் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பீரோவுக்கு எஸ்எஸ்டி ஏற்றதல்ல. அதில் தகவல் மின்னூட்டமாகத் தங்குகிறது. கரண்ட் இல்லாமல் பல மாதம், அதுவும் வெப்பத்தில், தேய்ந்த எஸ்எஸ்டி கிடந்தால் அந்த மின்னூட்டம் கசியும். போட்டோக்களுக்குப் பழைய ஹார்டு டிஸ்க்தான் சரி, சி5 பூஜ்யமாக இருந்தால். யுஎஸ்பி பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ள பெட்டி வேண்டும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் உங்களுடையது. அதனால் ஒரு பிரதி மேல் அலமாரியிலும், இன்னொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும். இரண்டையும் வருடம் ஒருமுறை மாட்டி, திறந்து பார்த்துவிடுங்கள்.