சிவப்பு விளக்கை அணைத்தால் போதுமா?

கேள்வி: ஐயா, ஐந்து டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக்கில் ரிசப்ஷன் பார்க்கிறேன். 24 எக்ஸ்டென்ஷன், ஃபைபர் வழியாக வெளி லைன் 8. திங்கட்கிழமை காலையில் எத்தனை முறை சுற்றினாலும் எங்கேஜ் சத்தம்தான் என்று வயதானவர்கள் நேரில் வந்து வருத்தப்படுகிறார்கள். டெலிபோன் பெட்டியில் சிவப்பு விளக்கும் அடிக்கடி எரிகிறது. பராமரிப்புக்கு வருபவர் அலாரத்தை அழித்துவிட்டு, இன்னும் 4 லைன் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. முதலில் இருக்கிற எட்டும் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

உங்கள் டாக்டர்களில் யாராவது எக்ஸ்டென்ஷனைத் தன் செல்போனுக்குத் திருப்பிவிட்டிருக்கிறாரா? நான் போன கிளினிக்குகளில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. நோயாளி கூப்பிடும்போது ஒரு லைன் பிடிபடுகிறது. அதே அழைப்பு டாக்டரின் செல்லுக்கு வெளியே போக இன்னொரு லைன் பிடிபடுகிறது. பேசி முடிக்கும்வரை இரண்டும் உங்களுக்கு இல்லை. இரண்டு டாக்டர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் எட்டில் நான்கு போயிற்று.

கணக்கைப் பாருங்கள். காலை 8 முதல் 9 வரை 50 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்று வைப்போம். மொத்தம் 150 நிமிடம். அறுபதால் வகுத்தால் 2.5, அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் இரண்டரை லைன் பிடிபட்டிருக்கும். இதை எர்லாங் என்ற அளவில் சொல்வோம். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1917இல் கொடுத்த சூத்திரத்தில் இதைப் போட்டால், 8 லைனுக்கு ஆயிரத்தில் 3 அழைப்புதான் தவறும். அதே கூட்டத்துக்கு 4 லைன் மட்டும் இருந்தால், நூற்றுக்கு 15 பேருக்கு எங்கேஜ். நோயாளி ஹோல்டில் காத்திருக்கும் நேரமும் லைன் பிடிபட்ட நேரம்தான், அதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

நாள் முழுவதற்குமான எண்ணிக்கை இதற்கு உதவாது. அடுத்த திங்கட்கிழமை 8 மணியிலிருந்து 10 வரை, கால் மணிக்கு ஒருமுறை எத்தனை லைன் ஓடுகிறது என்று திரையில் பார்த்து நோட்டில் குறியுங்கள். எல்லா லைனும் நிரம்பியது எத்தனை முறை என்ற அறிக்கையைப் பராமரிப்பு ஆளிடம் கேளுங்கள், பெரும்பாலான சிஸ்டங்களில் உண்டு. செல்லுக்குத் திருப்புவதைக் காலையில் நிறுத்திய பிறகும் எட்டும் நிரம்பினால், அப்போது லைன் வாங்குங்கள்.

இன்னொன்று. எட்டும் நிரம்பிய நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு 10177 சுற்ற உங்களுக்கும் லைன் இல்லை. வெளியே போக ஒன்றை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, சிவப்பு விளக்கு. அலாரப் பதிவில் நேரம் இருக்கும். அதைக் கரண்ட் போன நேரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லோட் ஷெடிங் மும்முரமாக இருந்த 2022, 2023இல் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: டெலிபோன் பெட்டி யூபிஎஸ்ஸில் இருக்கும், ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் சாதாரண பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் பெட்டி உயிரோடு நிற்கும், லைன் செத்துவிடும், அலாரம் அடிக்கும். உங்களிடமும் அப்படியென்றால் இரண்டையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். யூபிஎஸ் பேட்டரி வாங்கிய தேதியையும் பாருங்கள். நம் ஊர் வெயிலில், காற்றில்லாத அலமாரியில் வைத்தால் மூன்று வருஷத்திலேயே தளர்ந்துவிடும்.

அலாரத்தை அழிப்பது பற்றி நான் கண்டிப்பாகப் பேசக் காரணம் உண்டு. செம்புக் கம்பிக் காலத்தில், ஜேக்கப்ஸில் ஒரு தொழிற்சாலையில் சனிக்கிழமை மாலை பேட்டரி அலாரம். அழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவில் கரண்ட் போயிற்று, பேட்டரி தாங்கவில்லை. காவலாளி படியில் விழுந்து கால் முறிந்து, ஊர்ந்து போய் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் இல்லை. விடியும்வரை அப்படியே கிடந்தார். அன்றிலிருந்து காரணத்தை எழுதாமல் ஓர் அலாரத்தையும் அழித்ததில்லை. உங்கள் பராமரிப்பு ஆளிடமும் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

திங்கட்கிழமைக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள், கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.