சாதித் தகராறு உள்ள ஊரில் பதின்ம வயதுப் பிள்ளைகளைச் சேர்ந்து படம் வரைய வைப்பது எப்படி?

கேட்டிருப்பவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓவிய ஆசிரியராக இருக்க வேண்டும். "ரெண்டு தெருப் பிள்ளைகளும் சேர்ந்து காம்பவுண்டுச் சுவரில் ஏதாவது வரையட்டும், ஆண்டு விழாவுக்குள் முடிங்க" என்று தலைமையாசிரியர் சொல்லியிருப்பார். நீங்களும் கோத்த கைகள், புறா, வானவில் என்று ஒரு படம் யோசித்து வைத்திருப்பீர்கள். என் ஊகம் தப்பென்றால் மன்னியுங்கள். சரியென்றால் அந்தப் படத்தை மடித்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

நான் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவே ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. பேருக்கு எட்டாம் வகுப்பு வரைதான் என் வேலை. ஒன்பது, பத்துக்கும் போகச் சொல்வார்கள், போவேன்.

2018இல் நானும் சுவரில்தான் தொடங்கினேன். "நம் ஊர்" என்று தலைப்புக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. பிள்ளைகள் ஆசையாகத்தான் வரைந்தார்கள். கோயில், ஊருணி, செட்டியார் வீட்டு முகப்பு, புரவிகளோடு ஐயனார், கடைவீதி எல்லாம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பெண் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்று, "எங்க தெரு எங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

எங்குமே இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. தூரிகையை முதலில் எடுத்தவர்களின் கண்ணில் அந்தத் தெரு ஊருக்குள் இல்லை, அவ்வளவுதான். மிச்சம் இருந்தது குழாயடிக்குப் பக்கத்தில் காரை உதிர்ந்த ஒரு மூலை. "அங்கே வரையேன்" என்று சொன்னேன். சொன்ன வாயை இன்றைக்கு வரை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அங்கேயும் வரைந்தார்கள், ஈரத்தில் பெயின்ட் ஒட்டவில்லை. அப்புறம் ஒருவன் மாட்டு வண்டிக்கு அடித்த இரண்டு நிறத்தைப் பார்த்து இன்னொரு கூட்டத்துக்குக் கோபம் வந்தது. இங்கே சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டுவது உங்களுக்கே தெரியும். மறுநாள் காலை வண்டி மேல் சேறு. அதற்கடுத்த வாரம் சுவர் முழுக்க வெள்ளை அடித்துவிட்டார்கள்.

அதோடு ஆறு வருடம் நான் குழு ஓவியம் பக்கமே போகவில்லை. தனித்தனித் தாள், தனித்தனி மதிப்பெண். அது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சேற்றைக் கழுவியது நான். சொல்பவர்கள் அதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

நடுவில் ஒரு பயிற்சி வகுப்பில் முசாபர் ஷெரீப் என்ற உளவியல் அறிஞரைப் பற்றிச் சொன்னார்கள். 1954இல் அமெரிக்காவில், ஓக்லகோமாவில், பதினொரு வயதையொட்டிய 22 பையன்களை முகாமுக்குக் கூட்டிப்போய் இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டி வைத்தாராம். கொஞ்ச நாளிலேயே பகை மூண்டுவிட்டது. ஒன்றாகச் சாப்பிட வைத்துப் பார்த்தார், படம் போட்டுக் காட்டினார், சண்டைதான் கூடியது. சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோதுதான், வடம் இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த அதே கயிற்றைக் கட்டி இரண்டு குழுவும் சேர்ந்து இழுத்ததாம்.

கயிறு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்குப் பக்கத்தில்தான் கண்டதேவி. தேர் வடத்தை யார் யார் பிடிப்பது என்ற தகராறு 1998 முதல் நீதிமன்றம் வரை போன ஊர். 17 ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர் 2024 ஜூனில் போலீஸ் காவலோடு ஓடியது. அன்றைக்கு என் ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தேர் நின்றிருந்த காலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஷெரீப்பின் பையன்கள் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள், ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள், மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நம் பிள்ளைகள் சாயங்காலம் அதே தெருவுக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால் அந்தச் சோதனையை அப்படியே நம்பி இறங்காதீர்கள். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறைத்தது: சேர்ந்து செய்தால்தான் நடக்கும் என்ற வேலையாக இருக்க வேண்டும். சுவர் அப்படியில்லை. சுவரில் ஆளுக்கொரு பாகம் பிரித்துக்கொள்ளலாம்.

ஆத்தங்குடிக் கல்லில் அது முடியாது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆத்தங்குடிக் கல் என்பது செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கிற பூப்போட்ட தரைக் கல். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்ற வேண்டும். அச்சை நேராகத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, சாந்து வைத்து அமுக்க வேண்டும். சூளை கிடையாது. தண்ணீரில் நாள்கணக்கில் ஊறி, வெயிலில் காய்ந்து இறுகுவதுதான். பூ அடியில் கண்ணாடியைப் பார்த்தபடி கிடக்கும். கண்ணாடி விட்டு வரும்வரை நாம் செய்தது என்ன என்று நமக்கே தெரியாது. ஒரு முழுப் பூவுக்கு நான்கு கல் சேர வேண்டிய அச்சும் உண்டு. நான் கேட்டு வாங்கியது அந்த அச்சு.

2024 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, தெரிந்த பட்டறைக்கு 16 பேரைக் கூட்டிப்போனேன். யார் யாரோடு என்பதை நான்தான் எழுதினேன், பிள்ளைகளிடம் விடவில்லை. ஒருவர் அச்சை ஆடாமல் பிடிக்க, ஒருவர் ஊற்ற. அடுத்த கல்லுக்கு வேலை மாறும். இது முக்கியம். ஒரே தரப்பு எப்போதும் பிடித்துக்கொண்டும் இன்னொரு தரப்பு எப்போதும் ஊற்றிக்கொண்டும் இருந்தால், அது பழைய ஊர் வழக்கமேதான்.

பட்டறைக்காரர், "சிமென்ட் கையை அரிக்கும், எண்ணெய் தடவிக்கங்க. கயித்துல பட்டா இறுகிப் பிடிச்சுக்கும், கழட்டி வச்சிருங்க" என்றார். கழற்றினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைப் பள்ளிப் பிள்ளைகளே வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை கயிறுகளுக்குத் தடை கேட்டது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் வாசலில் நின்று அவிழ்க்கச் சொன்னால் கயிறு பைக்குள் போகிறது, மத்தியானம் மறுபடி கைக்கு வருகிறது. வேலைக்காகக் கழற்றிய கயிறுகள் அன்று முழுக்க ஜன்னலில் கிடந்தன.

ஒருவன் மட்டும் சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் ஊற்ற மாட்டேன் என்று நின்றான். "அது அவங்க கலர்." பட்டறைக்காரர் கோபப்படவில்லை. "இந்த அச்சுல மூணு கலர் விழுந்தாத்தான் தம்பி பூ. நீ ஊத்தாட்டி சாந்து இறங்கி அந்த இடம் சொட்டையாயிரும். உன் இஷ்டம்" என்று அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். குழம்பு காத்திருக்காது. அவன் ஊற்றினான். நானாக இருந்தால் பத்து நிமிடம் பிரசங்கம் செய்து காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

மத்தியானம் சாப்பிடும்போது முன்பு என்னிடம் தெருவைக் கேட்ட பெண்ணின் தம்பி சொன்னான்: "எங்க தாத்தா பெரிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைச்சிருக்காரு டீச்சர். திண்ணையத் தாண்டி உள்ள விட்டதில்லையாம்." யாரும் பதில் பேசவில்லை. நானும் அதைப் பாடமாக்கவில்லை. சுற்றுலாக்காரர்கள் செட்டிநாட்டுத் தரையைப் படம் எடுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடியை எடுத்தபோது 32 கல்லில் ஒன்பது வீண். நிறம் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருந்தது. "நீதான்டா அச்சை ஆட்டுன." "நீ ரொம்பத் தண்ணியா கலந்த." சத்தம் கூரையைப் பிளந்தது. நான் பயந்தபடி ஓடினேன். நின்று கேட்டால், அது முழுக்க முழுக்க வேலைச் சண்டை. யார் எந்தத் தெரு என்ற பேச்சே இல்லை. என் இத்தனை வருட வேலையில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

"சிமென்ட் பிசைந்தால் சாதி ஒழியுமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஒழியாது. நிலம், சுடுகாடு, குடிதண்ணீர் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, அதைத் தீர்ப்பது ஓவிய வகுப்பின் வேலை இல்லை. அந்தப் 16 பேரில் இரண்டு பேர் அடுத்த திருவிழா முடிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு பையனின் சித்தப்பா பள்ளிக்கு வந்து என்னைச் சத்தம் போட்டார். மறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 2012இல் எங்களைப் போல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, ஆனால் மே மாதச் சம்பளம் மட்டும் பல வருடம் கிடைக்கவில்லை. அன்றைய பஸ் செலவும் சாப்பாடும் என் கைக்காசு. அச்சுக்கும் சிமென்ட்டுக்கும் பட்டறைக்காரர் காசு வாங்கவில்லை. நல்லிணக்கம் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அதைச் சொல்லித் தருகிறவர் வீட்டில் அந்த மே மாதங்களில் எப்படி அடுப்பு எரிந்தது என்று ஒரு தடவை கேட்டதுண்டா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் விட்டுவிடுங்கள். எனக்குச் சம்பந்தம் உண்டு.

உங்கள் ஊரில் ஆத்தங்குடி இல்லை என்றால் பனையோலைக் கொட்டான் பின்னலாம். இரண்டு கை போதாத வேலையாகப் பாருங்கள். ஒரு நாளில் முடிப்பதாக இருக்கக் கூடாது, முடிவு உடனே தெரிவதாகவும் இருக்கக் கூடாது. "நம் ஊர்" என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள்.

தேறிய 23 கல்லில் ஐந்து முழுப் பூ வந்தது. பள்ளிக் குழாயடியில் பதித்தோம், 2018இல் பெயின்ட் ஒட்டாத அந்த மூலையிலேயே. கொத்தனார் ஒரு கல்லைத் திருப்பி வைத்துவிட்டார். மஞ்சள் ஊற்ற மறுத்தவனும் அவனுக்கு அச்சுப் பிடித்தவனும்தான் ஓடி வந்து, "அண்ணே, அது இந்தப் பக்கம்" என்று சேர்ந்து காட்டினார்கள்.