எத்தனை நாள் கூலி? வாசகர் கேள்வி-பதில்

கே: அந்தக் காலத்தில் எல்லாமே மலிவு. தொழிலாளி வசதியாகத்தானே இருந்திருப்பார்?

ப: விலையை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கூலி எங்கே? ஒரு கிலோ தானியம் வாங்க எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: காசுக்கூலி மாறாமல் இருந்தால் வாழ்க்கையும் மாறாதுதானே?

ப: மாறும். தென் இங்கிலாந்தில் கைதேர்ந்த கட்டடத் தொழிலாளிக்கு 1410களிலிருந்து 1530 வாக்கு வரை நாளுக்கு 6 பென்ஸ்தான். 1348-ல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் கிடைக்காமல் ஏறிய கூலி அது. அப்புறம் தானிய விலை பாய்ந்தது, கூலி பின்னால் நொண்டியது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் கூலிக்கு இருந்த வாங்கும் சக்தி திரும்பி வர ஏறக்குறைய 1880 ஆயிற்று.

கே: ஏங்கல் விதி இன்றும் செல்லுமா?

ப: செல்லும். வருமானம் கூடினால் உணவுக்குப் போகும் பங்கு குறையும். பங்குதான், தொகை இல்லை. 1857-ல் இதைச் சொன்னவர் எர்ன்ஸ்ட் ஏங்கல். மார்க்ஸின் நண்பர் ஏங்கல்ஸ் வேறு ஆள்.

கே: ரோமப் பேரரசர் டயோக்ளேஷியனின் 301ஆம் ஆண்டு ஆணையில் பண்ணைக் கூலி நாளுக்கு 25 தினாரியஸ் (ரோமக் காசு), ஒரு படை மோடியஸ் (தானியம் அளக்கும் ரோம அளவை) கோதுமை 100. நாலு நாள் கூலி! பட்டினிதானே?

ப: ஆணையை முழுதாகப் படித்தீர்களா? அந்த வரியிலேயே 'சாப்பாட்டுடன்' என்று இருக்கிறது. 25 என்பது சாப்பாட்டுக்கு மேல் கையில் வந்த காசு. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் கணக்கே சரிந்துவிடும். எத்தனை முறை எழுதினாலும் இதே தப்போடு கடிதம் வருகிறது, எனக்கு வருத்தமாக இருக்கிறது. விலை ஏறும்போது காசுக்கூலி கரையும், தட்டில் விழும் சோறு கரையாது. ஒரே காசு வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்குச் சாப்பாடு உண்டு, மற்றவருக்கு இல்லை என்றால் பஞ்ச வருடத்தில் இருவரின் கதையும் வேறு. அதற்காக வசதி என்றும் முடிவு கட்டாதீர்கள். அந்தச் சாப்பாடு வேலை செய்தவரின் வயிற்றுக்கு மட்டும். பிள்ளைகள் அந்த 25-ல்தான் சாப்பிட வேண்டும். இன்னொன்று, ஆணையில் இருப்பவை உச்சவரம்புகள், சந்தையில் நடந்த விலை அல்ல. ஆண்டு வருமானம் காண நாள்கூலியைத் தயவுசெய்து 365-ஆல் பெருக்காதீர்கள். மழை நாள், வேலை இல்லாத நாள் போக 250 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: தானிய விலை ஏறினால் உழைப்பவர் எல்லோருக்கும் நஷ்டமா?

ப: வாங்கிச் சாப்பிடுபவருக்கு நஷ்டம். விற்க மிச்சம் இருப்பவருக்கு இல்லை.

கே: 300 வருடத்துக்கு முந்தைய விலையை இன்றைய பணத்துக்கு மாற்ற எந்த விலைக் குறியீட்டு எண் (பல பண்டங்களின் விலை ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துக் காட்டும் எண்) நல்லது?

ப: எதுவும் வேண்டாம். அன்று வாங்கிய பண்டங்களே வேறு. தானியத்தில் கணக்குப் போடுங்கள். கூலியையும் பக்கத்தில் எழுதுங்கள்.