கேள்வி பதில்: கேள்வியை யார் கேட்பது?

கேள்வி: கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். ‘வளர்ச்சிக்கான தொழில்நுட்பம்’, அதாவது ஏழை நாடுகளின் முன்னேற்றத்துக்குக் கணினியும் செல்போனும் உதவுமா என்று பார்க்கிற துறை, அந்தப் பக்கம் போ என்கிறார் என் நெறியாளர், அதற்கென்று உலக அளவில் ஓர் ஆய்வுச் சமூகமே இருக்கிறதாம். நிஜமாகவே இருக்கிறதா, இல்லை அவ்வப்போது கூடிக் கலைகிற கூட்டம்தானா?

பதில்: இருக்கிறது. ஆனால் ஒரே குடும்பம் என்று நினைத்துப் போகாதீர்கள், நாலைந்து குடும்பங்கள் ஒரு முற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிற கதை அது. மூத்தவர்கள் தகவல் முறைமைக்காரர்கள், நிறுவனங்களில் கணினி எப்படிப் பயன்படுகிறது என்று ஆராய்கிறவர்கள். 1988ல் புதுதில்லியில் ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள், அதைத் தொட்டுத்தான் ஐஎஃப்ஐபி (IFIP) என்ற சர்வதேசக் கணினி அமைப்பின் 9.4 பணிக்குழு வந்தது. கணினிக்காரர்கள் திரளாக உள்ளே வந்தது 2006ல், அமெரிக்காவின் பெர்க்லியில் ஐசிடிடி (ICTD, தகவல் தொடர்புத் தொழில்நுட்பமும் வளர்ச்சியும்) கருத்தரங்கு தொடங்கியபோது. அடுத்த ஆண்டு பெங்களூரு, அப்புறம் தோஹா, லண்டன், அட்லாண்டா, கேப்டவுன் என்று அது ஊர் ஊராகப் போனது. இவர்களோடு பொருளாதாரம், மானுடவியல், தகவல் தொடர்பு படித்தவர்களும் சேர்ந்தார்கள். ‘வளர்ச்சி’ என்றால் என்ன என்பதில் இவர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது. முதல் நாளே அதைக் கேட்டுப் பாருங்கள், தேநீர் ஆறிவிடும்.

கேள்வி: கருவி செய்கிறவர்களும் சமூகவியல் பேசுகிறவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தால் சண்டைதானே வரும்?

பதில்: வரட்டுமே. இதற்கு மீன் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

1997 ஜனவரி 14, காலை 7.45. வட கேரளத்தின் வடகரைக் கரையில் 11 மீனவர்கள் பிடித்த மத்தியோடு வந்து நிற்கிறார்கள். வாங்க ஒருவரும் இல்லை, கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு இரண்டு கரைகளில் 27 வியாபாரிகள், மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பத் தயாராகிறார்கள். பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் தன் கட்டுரையில் காட்டிய காட்சி இது. 1997 தொடங்கி 2001க்குள் அந்தக் கடலோரத்துக்குச் செல்போன் சேவை பகுதி பகுதியாக வந்து சேர்ந்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை விசாரித்தார்கள், கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது, மீனைக் கொட்டுவது அநேகமாக நின்றே போனது. 2007ல் கட்டுரை வெளிவந்தது. அதன் பிறகு செல்போன் பற்றி யார் பேச எழுந்தாலும் இந்த மீனவர்களைத் துணைக்குக் கூப்பிட்டார்கள்.

ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பர்ரெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். கேரளக் கரைகளில் ஆட்களோடு இருந்து, பேசி, பார்த்து எழுதினார்கள், 2013ல் கேப்டவுன் ஐசிடிடி கருத்தரங்கில் அந்தக் கட்டுரையை வைத்தார்கள். விலை பார்த்துக் கரையை மாற்றுவது எல்லா மீனவருக்கும் வாய்க்கிற காரியம் இல்லை என்பது அதில் தெரிந்தது. படகு எப்படிப்பட்டது, தரகரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரா, எந்தக் கரையில் ஏலம் எப்படி நடக்கிறது, எல்லாமே அதில் உண்டு. தரகரிடம் கடன்பட்டவருக்குப் பக்கத்துக் கரையில் நல்ல விலை என்று தெரிந்து என்ன பயன், சொல்லுங்கள்? போனையும் விலை கேட்க மட்டுமல்ல, வேறு காரியங்களுக்கும் பயன்படுத்தினார்கள்.

இதனால் ஜென்சனின் எண்கள் பொய்யாகிவிடவில்லை. அவை எங்கே, யாருக்குப் பொருந்தும் என்ற எல்லை கிடைத்தது. பொருளாதாரக்காரர்கள் தங்கள் இதழிலும் மற்றவர்கள் தங்கள் இதழிலும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் அந்த எல்லை நம் கண்ணில் பட்டிருக்காது. சமூகம் என்று ஒன்று எதற்கு என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

உண்மையான தகராறு வேறு இடத்தில் இருக்கிறது, அது கொஞ்சம் அற்பமானது. கணினித் துறையில் கருத்தரங்குக் கட்டுரைக்கு மதிப்பு, மற்ற துறைகளில் இதழில் வந்தால்தான் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுப்பார்கள். அப்படியென்றால் ஒரு சமூகவியல்காரர் ஐசிடிடிக்கு ஏன் கட்டுரை அனுப்ப வேண்டும்? 2003ல் தொடங்கிய ஐடிஐடி (ITID) என்ற இந்தத் துறையின் ஆய்விதழ், கருத்தரங்கின் தேர்ந்தெடுத்த கட்டுரைகளைத் திருத்தி விரிவாக்கிச் சிறப்பிதழாகப் போட்டது ஓரளவு கை கொடுத்தது. துறைகளை ஒட்டவைப்பதில் இந்த மாதிரி அலுவலக வேலைக்கு இருக்கிற பங்கை யாரும் பாராட்டுவதில்லை.

கேள்வி: எங்கள் திட்டம் படுத்துவிட்டது. அதைக் கட்டுரையாக எழுதினால் மதிப்பார்களா?

பதில்: இந்தத் துறையில் மதிப்பார்கள், மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் ரிச்சர்ட் ஹீக்ஸ், வளரும் நாடுகளின் மின்னாளுமைத் திட்டங்களில் 35 சதவீதம் முழுத் தோல்வி, 50 சதவீதம் பாதித் தோல்வி, 15 சதவீதம்தான் வெற்றி என்று 2003லேயே ஒரு தோராயக் கணக்குப் போட்டார். பெருவில் 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்து, குழந்தைக்கு ஒரு மடிக்கணினி கொடுக்கிற திட்டத்தை ஆராய்ந்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2012ல் முடிவு வந்தது. துறை கலைந்துவிடவில்லை, அதை வைத்தே அடுத்த கேள்விகளைக் கேட்டார்கள். ஆனால் ‘மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை’ என்று பழியை அந்தப் பக்கம் தள்ளி எழுதாதீர்கள். எந்த வாரத்தில், எதனால் ஆட்கள் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: ஏழை நாடுகளைப் பற்றிய ஆய்வு, பணக்கார நாடுகளின் பல்கலைக்கழகங்களிலிருந்து. இதை எப்படி மாற்றுவது?

பதில்: கருத்தரங்கை ஊர் மாற்றி நடத்துவது நல்லதுதான், ஆனால் அது பாதிதான். கேள்வியை முடிவு செய்கிறவர் ஓர் இடத்தில், தரவு சேகரிக்கிறவர் இன்னோர் இடத்தில் என்று இருக்கிற வரைக்கும் மேடை எங்கே இருந்தால் என்ன? நிதிக்கு விண்ணப்பம் எழுதும்போதே உள்ளூர் ஆய்வாளர் உடன் இருந்தாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கனடாவின் வளர்ச்சி ஆய்வு நிதி நிறுவனமான ஐடிஆர்சி (IDRC) கொடுத்த பணத்தோடு சிங்கப்பூரிலிருந்து நடந்த சிர்கா (SIRCA) என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டத்தில், புதிதாக வருகிற ஆய்வாளருக்கு ஒரு மூத்தவரைத் துணையாக வைத்து, ஆய்வை அவரையே நடத்தச் சொன்னார்கள். மெதுவான வேலைதான், ஆனால் அப்படி வந்தவர்கள் அடுத்த முறை தங்கள் கேள்வியோடு வருவார்கள்.

ஒன்று சொல்கிறேன். நான் உட்கார்ந்திருந்த ஓர் அமர்வில் ஒரு சுகாதாரப் பணியாளரை மேடைக்கு அழைத்து, செயலியைத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கைதட்டி அனுப்பிவிட்டார்கள். அவரிடம் ஒரு கேள்விகூட இல்லை. இடைவேளையில் நான் கேட்டேன். வீடு வீடாகப் போகும்போது எல்லாவற்றையும் நோட்டில்தான் எழுதுகிறாராம், ராத்திரி உட்கார்ந்து அதைப் பார்த்துச் செயலியில் ஏற்றுகிறாராம். ‘ரெண்டு வேலை’ என்றார். அன்று காட்டிய வரைபடங்கள் எதிலும் அந்த நோட்டு இல்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இந்தத் துறை தேவையா?

பதில்: முன்னைவிட.

கேள்வி: முதல் தடவையாகக் கட்டுரை வாசிக்கப் போகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: விசாவுக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள், கட்டுரை தேர்வாகியும் விசா கிடைக்காததால் போக முடியாதவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. கட்டணச் சலுகை இருக்கிறதா என்று பதிவு செய்வதற்கு முன்பே கடிதம் எழுதிக் கேளுங்கள், கேட்காதவருக்குத் தர மாட்டார்கள். களத்தில் உங்களோடு அலைந்து, மொழிபெயர்த்து, யார் என்ன சொன்னார் என்று புரியவைத்தவர் ஒருவர் இருப்பாரே, அவர் பெயர் நன்றியுரையில் இருந்தால் அவரிடம் சம்மதம் கேட்டு இணையாசிரியர் வரிசைக்குக் கொண்டுவாருங்கள். இறுதிப் பிரதி அனுப்பிய பிறகு பெயர் சேர்க்க விட மாட்டார்கள், அதனால் இந்த வாரமே.