காலநிலை மாறுவது யாரால்? குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (நாகர்கோவில், ஆசிரியை): சார், காலநிலை மாற்றம் பற்றி நம் ஜனங்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?

பதில்: அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் சேர்ந்து 2021-22இல் இந்தியா முழுக்கக் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். இன்னதென்று விளக்கிய பிறகு 84 சதவீதம் பேர் ஆமாம், நடக்கிறது என்றார்கள். மனிதர்தான் முக்கியக் காரணம் என்றவர்கள் 57 சதவீதம். பெயர் தெரியாவிட்டாலும் விஷயம் தெரியும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் மழையைப் பார்த்து விதைத்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி (குலசேகரம், ரப்பர் விவசாயி): பால்வெட்டு நாளெல்லாம் மழையில் போகிறது. ஆனால் பருவம் தப்புவது எந்தக் காலத்திலும் உள்ளதுதானே? மனிதன் மேல் ஏன் பழி?

பதில்: பனியுகங்கள் வந்து போனது உண்மைதான். பூமியின் சுற்றுப்பாதை மெல்ல மாறியதில் பல்லாயிரம் வருடங்களில் நடந்தது அது. இப்போதோ, தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு 420ஐத் தாண்டிவிட்டது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சூடாக வேண்டும். கீழே சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த வாயு வெப்பத்தைக் கீழேயே பிடித்து வைத்தால்தான் இப்படி நடக்கும். எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கேள்வி (தக்கலை, கல்லூரி மாணவி): ஓசோன் ஓட்டை வழியாக வெயில் இறங்குவதால்தான் சூடு என்கிறார் அப்பா.

பதில்: அது வேறு, மக்களே. ஓசோனைக் கெடுத்தது குளிர்சாதன வாயுக்கள். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது மெல்ல ஆறி வருகிறது. அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி (தேங்காய்ப்பட்டணம் பக்கம், மீனவர்): எங்கள் தெருவைக் கடல் எடுத்துவிட்டது. கேட்டால் காலநிலை மாற்றம் என்கிறார்கள். சரியா சார்?

பதில்: முழுக்கச் சரியில்லை அண்ணாச்சி. கடல் மட்டம் உயர்வது உண்மை. 1900க்குப் பிறகு உலக அளவில் சுமார் 20 சென்டிமீட்டர். கடல் சூடானால் புயலுக்குத் தீனி கிடைக்கும் என்பதும் உண்மை. 2017இல் ஒக்கி எவ்வளவு வேகமாக வலுத்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரே பருவத்தில் ஒரு தெரு போகிறதென்றால் பக்கத்திலும் பார்க்க வேண்டும். கரையோரமாக மணல் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவே தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீட்டிப் போடும் கல்தடுப்பு) துறைமுகச் சுவரோ நின்றால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை கரையும். மணல் அள்ளினாலும் அப்படித்தான். காற்றே இல்லாத நாளில் ஏறிவரும் கள்ளக்கடலோ, தூரத் தென்கடலில் வீசிய புயலின் அலை. இத்தனையையும் ஒரே சொல்லில் மூடிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும். அதுதான் எனக்குக் கோபம். அடுத்த கிராம சபையில் இதைக் கேளுங்கள்: பக்கத்துச் சுவர் எந்த வருடம் கட்டியது, அதற்கு முன் மணல் ஓட்டத்தை அளந்தார்களா, அந்த அறிக்கை எங்கே?